பேட்டரி மாற்றாத ஞாயிற்றுக்கிழமை

இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் கடவுளை நம்பியதைவிட 'இன்னொரு தடவை' என்ற சொல்லைத்தான் அதிகம் நம்பினேன். சிரிக்காதீர்கள். பக்திப் பாடல் நிகழ்ச்சி தயாரிக்கிறவன் எதையாவது நம்பித்தானே ஆக வேண்டும்? பாட்டுக்கு நடுவில் யாராவது இருமினால் இன்னொரு தடவை. சுருதி விலகினால் இன்னொரு தடவை. பூசகர் கமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டால் இன்னொரு தடவை. உலகத்தில் தப்பு என்று ஒன்று கிடையாது, திரும்ப எடுக்காத சோம்பேறிகள்தான் உண்டு என்பது என் சித்தாந்தம்.

கொழும்பில் ஸ்டூடியோவுக்குள் ஒரு பாடகியை ஒரே அம்மன் பாட்டைப் பதினொரு தடவை பாட வைத்திருக்கிறேன். பதினொன்றாவதில் ஒரு குறையும் இல்லை. அம்மனும் இல்லை. அவள் ஏழாவது தடவையிலேயே எழுந்து போயிருப்பாள். அது எனக்குத் தெரியவில்லை. பெரிய சாதனை என்று கன்டீனில் சொல்லித் திரிந்தேன்.

நீங்கள் இப்போது வந்து சேர்ந்திருக்கும் இந்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி உங்களில் பாதிப் பேரைவிட வயதில் மூத்தது. வாரம் ஒரு கோயில், ஒரு பஜனைக் குழு, ஐந்து பாட்டு, அரை மணி நேரம். இதைப் பத்தொன்பது வருடம் நான் இழுத்துக்கொண்டு போனேன், இல்லாவிட்டால் இது என்னை இழுத்துக்கொண்டு போனது. கருவிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என்னைவிட உங்கள் கையில் இருக்கும் போனுக்கு அதிகம் தெரியும். கை கால் நடுங்கும்போது என்ன செய்வது என்பது பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதில் எனக்கு நீண்ட அனுபவம். நடுங்குவதில்.

இந்தக் கதை நடந்த வருடம் எங்களுக்கு ஒரு புதிய மேலதிகாரி வந்தார். நல்ல மனிதர், படித்தவர். ஆனால் வாயைத் திறந்தால் 'தரம்' என்ற சொல் விழும். ஒலித் தரம், ஒளித் தரம், உச்சரிப்புத் தரம். அவருக்கு நாங்கள் தரம் சார் என்றே பெயர் வைத்துவிட்டோம். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் எடுத்த நிகழ்ச்சிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"இனிப் பாட்டை இங்கே ஸ்டூடியோவில் பயிற்சி பெற்றவர்களை வைத்துப் பதிவு செய்வோம். தோட்டத்துக்குப் போய்ப் படம் மட்டும் எடுங்கள். பாட்டைப் போட்டுவிட்டால் அவர்கள் வாயை அசைப்பார்கள்."

நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன்தான். இருந்தாலும் இருபது வருடக் கொழும்புச் சோறு என் முதுகெலும்பைக் கொஞ்சம் வளைத்திருந்தது. "சார், ஒரே ஒரு சந்தர்ப்பம்" என்றேன். "ஒரு நிகழ்ச்சி பழைய முறையில் எடுத்துக்கொண்டு வருகிறேன்."

"சரி. ஒரு பாட்டில் குறை இருந்தாலும் அதுவே கடைசி" என்றார்.

எந்தக் கோயிலுக்குப் போவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலிலிருந்து வருடா வருடம் எங்களுக்கு ஒரு கடிதம் வரும். ஒரே கையெழுத்து, ஒரே வாசகம்: 'இந்த வருடமாவது எங்கள் குழுவைக் கூப்பிடவும்.' கடைசியாக வந்ததில் மட்டும் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. 'கூப்பிடாவிட்டாலும் நாங்கள் பாடிக்கொண்டுதான் இருப்போம்.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். நான், கமராக்காரர் சுமித், வேன் சாரதி, அவ்வளவுதான். ஒலிப்பதிவாளருக்குக் காய்ச்சல். அதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மார் தட்டியிருந்தேன். சுமித் சிங்களவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'சோறு', 'தண்ணி', 'போதும்' மூன்றும்தான். ஆனால் பாட்டு எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று என்னைவிட முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

வேன் பாதி மலையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. குழுப் பெண்கள் எங்களுக்காகக் கீழே வந்து காத்திருந்தார்கள். எங்கள் கனமான பெட்டிகளுக்குக் கயிறு கட்டி, கொழுந்துக் கூடையைப் போல நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறினார்கள். நான் குடையைத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கும் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன்.

என் முன்னால் ஏறிய பெண் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். "சார், கொடையையும் குடுத்துருங்க. அது பாரமா இருக்கும்."

அவர்தான் பாக்கியம். குழுவில் முதல் குரல் அவருடையது. அவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். வருடா வருடம் கடிதம் எழுதியவரும் அவர்தான்.

கோயிலுக்குள் ஆண்கள் வேட்டியோடுதான் வர வேண்டும் என்றார் கோயில் தலைவர். தன் வேட்டி ஒன்றை எனக்குக் கொடுத்தார். அவர் ஆறடி. நான் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அந்த வேட்டி இந்தக் கதையில் மறுபடி வரும்.

நான் குழுவைக் கூட்டி வைத்து விளக்கம் கொடுத்தேன். ஒவ்வொரு பாட்டையும் மூன்று தடவை எடுப்போம், முதலில் தூரத்திலிருந்து, பிறகு கிட்டத்தில், கடைசியாகத் தப்புகளைத் திருத்தி என்று. பாக்கியம் கையில் தாளத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சார் மூணு தடவ? சாமிக்குக் காது கேக்காதா?"

தலைவருக்கு வியர்த்துவிட்டது. "யக்கா, டீவிக்காரங்க சொல்றத கேளுங்களேன்."

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். எங்க கோயில்ல பாடுன பாட்ட அன்னைக்குத் திரும்பப் பாடுறதில்ல சார். புள்ளையார்ல தொடங்கி வரிசையா பாடுவோம். கடைசிப் பாட்டுக்கு அம்மனுக்குக் கற்பூரம் காட்டுவோம். அதோட முடிஞ்சுது. ஒடச்ச தேங்காய ஒட்டிவச்சு மறுபடி ஒடப்பீங்களா?"

நான் சிரித்துத் தலையை ஆட்டினேன். மனதுக்குள், கமரா ஓடத் தொடங்கினால் எல்லாரும் வழிக்கு வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அதுவரை கமராவுக்கு மசியாத ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மந்திரியும் மசிவார், மாப்பிள்ளையும் மசிவார்.

முதல் பாட்டு முடிந்தது. "ரொம்ப நல்லா இருக்கு. இன்னொரு தடவை" என்றேன். பாக்கியம் என்னைப் பார்த்தார், தாளத்தைத் தட்டினார், இரண்டாவது பாட்டைத் தொடங்கினார்.

தம்பி தங்கைகளே, என் தப்பு நடந்தது இந்த இடத்தில்தான், பிறகு அல்ல. பாக்கியத்தின் சேலையில் குத்தியிருந்தது பேட்டரியில் ஓடும் மைக். காலையிலேயே அதில் சார்ஜ் ஒரே ஒரு கட்டைதான் காட்டியது. புதுப் பேட்டரி கீழே வேனில் இருந்தது. போய் வர இருபது நிமிடம். 'நின்றுவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்' என்று விட்டிருந்தேன். திரும்ப எடுக்க முடியாது என்று முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது அல்லவா? அந்த நிமிடமே சாரதியை ஓட விட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். அவளுக்கு அதுதான் வேலையா?

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பாட்டு எல்லாம் தங்கம். மழையும் வரவில்லை. தகரக் கூரைக்குக் கீழே பதினெட்டுப் பெண்கள், டோலக் அடிக்கிற ஓர் ஆள். கடைசிப் பாட்டு தொடங்கியது. பூசகர் கற்பூரத்தை ஏற்றினார். பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வரி பாடியிருப்பார். என் ஹெட்போனில் அவர் குரல், வளைவில் திரும்பும் பஸ்ஸைப் போல மெல்ல மறைந்து போனது. பின்பாட்டுக்காரர்களும் டோலக்கும் கேட்கிறது. முதல் குரல் இல்லை.

எழுந்து நின்றேன். இரண்டு கையையும் ஆட்டினேன். நிறுத்துங்கள், நிறுத்துங்கள். பாக்கியம் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். தாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அடுத்த வரியை முன்னதைவிட உரக்கப் பாடினார். டோலக்காரர் என் கையைப் பார்த்துத் தடுமாறினார். பக்கத்தில் இருந்த பெண் அவருடைய காதோரம் தாளத்தை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அவர் சரியாகிவிட்டார்.

நான் வாயைத் திறந்து கத்தப் போனேன். சுமித் கமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை மட்டும் ஆட்டினார். "எப்பா அய்யே." வேண்டாம் அண்ணா என்று.

பிறகு நடந்ததைத் தீர்மானம் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. உண்மையில் அது பீதி. டோலக்குக்கு முன்னால் வயர் மைக் ஒன்று இருந்தது. டோலக்குக்கு மைக் எதற்கு? அதன் சத்தம் ஹட்டன் டவுனுக்கே கேட்கும். அதைப் பிடுங்கிக்கொண்டு தரையோடு தவழ்ந்தேன். பெண்களின் கால்களுக்கிடையில் பாக்கியத்தை நோக்கிப் போனேன். ஒரு முழம் இருக்கும்போது வயர் முடிந்துவிட்டது. முழங்காலில் நின்று உடம்பை முழுவதும் நீட்டி, மைக்கை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து ஆறடி ஆளின் வேட்டி அவிழத் தொடங்கியது. ஒரு கையில் மைக், மறு கையில் மானம். பின்னால் நின்ற ஓர் அம்மா பாட்டை விடாமலே என் வேட்டி நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். அது அவிழாமல் இருக்கவா, நான் இன்னும் கிட்டப் போகாமல் இருக்கவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சுமித் நினைத்திருந்தால் கமராவைத் திருப்பிச் சாமியைக் காட்டியிருக்கலாம். அவர் திருப்பவில்லை. பாக்கியத்தின் முகத்தையே பிடித்துக்கொண்டு நின்றார். படத்தின் கீழ்ப்பாதியில் என் முதுகு.

பாட்டு முடிந்தது. எல்லாரும் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து, "அக்கா, பேட்டரி செத்துப் போச்சுங்க. இந்த ஒரு பாட்ட மட்டும்" என்றேன்.

"முடிஞ்சுது சார்."

"பாட்டு நடுவுல உங்க குரலே இல்லீங்க."

"எனக்குக் கேட்டுச்சே."

தலைவர் குறுக்கே வந்தார். "யக்கா, இவ்வளவு தூரம் வந்திருக்காங்க..."

"நாமளும் அவங்க பொட்டியத் தூக்கிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தோம் தலைவரே."

வேறு வழி தெரியாமல் அதுவரை மறைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். ஒரு பாட்டில் குறை இருந்தாலும் இனி மலையகத்துக்கு ஒலிப்பதிவு வராது, கொழும்பில் வேறு ஆட்கள் பாடுவார்கள், நீங்கள் வாயை மட்டும் அசைக்க வேண்டும் என்று. அழாத குறைதான். இதற்கு மேல் இந்த மனுஷி மறுக்க முடியாது என்று நினைத்தேன்.

பாக்கியம் தாளத்தைத் துணியில் சுற்றினார்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கணும் சார்."

"சொல்லியிருந்தா திரும்பப் பாடியிருப்பீங்களா?"

"பேட்டரிய மாத்துங்கன்னு சொல்லியிருப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எம் மக கொழும்புல ஒரு வீட்டுல வேல பாக்குது. ரெண்டு வருசமா லீவு குடுக்கல. வெள்ளிக்கிழம டீவியப் போட்டுப் பாக்கச் சொல்லியிருக்கேன். அவளுக்கு என் கொரல் தெரியும். என் வாயில இன்னொருத்தி கொரல் வந்தா, அது யாருன்னு கேப்பா. நான் என்னா சொல்றது? கொறையோட போடுங்க. இல்லாட்டி போடாதீங்க. வாய மட்டும் அசைக்கிறதுன்னா வேற ஆளப் பாருங்க. மலையில கொழுந்து பறிக்கிறப்பவும் கொரல எங்ககூடத்தான் வச்சிருக்கோம். அதக் கொழும்புக்கு அனுப்பிட்டு வரல."

இறங்கும்போது பெட்டிகளை அவர்களே சுமந்து வந்தார்கள். குடையை நான் கேட்காமலே ஒருவர் வாங்கிக்கொண்டார்.

கொழும்புக்கு வந்து தரம் சாருக்குப் போட்டுக் காட்டினேன். நான்கு பாட்டுக்குத் தலையாட்டினார். ஐந்தாவதில், குரல் தேய்ந்து, ஏதோ உருளும் சத்தம் கேட்டு, என் மூச்சிரைப்பு வந்து, பிறகு பாக்கியத்தின் குரல் திடீரென்று காதுக்குள்ளேயே வந்து நின்றது. திரையின் அடியில் ஒரு முதுகு.

"இது யார்?"

"நான்தான் சார்."

அவர் கோபப்படவில்லை. "ஸ்டூடியோப் பாடகி வெளியே இருக்கிறார். இந்தப் பாட்டுக்கு மட்டும் குரலை மாற்றிவிடுங்கள். முதுகை மறைக்க ஒரு விளக்கின் படத்தைப் போடுங்கள்" என்றார்.

நான் மாற்றினேன். மறைக்க மாட்டேன், நான் மாற்றினேன். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது, மகனுக்குப் பரீட்சை இருந்தது, வயிற்றில் புண்ணும் இருந்தது. அந்தப் பாடகி கெட்டிக்காரி, ஒரே மூச்சில் பாடிக் கொடுத்தார். உதட்டோடு அச்சாகப் பொருந்தியது. ஓட்டிப் பார்த்தேன். நான் கையை ஆட்டியதைப் பார்த்துவிட்டுத் தாடையைத் தூக்குகிறாரே, அந்த இடம் வந்தது. அந்த முகத்திலிருந்து தேன் மாதிரி ஒரு குரல் வந்தது. உதடு பொருந்தியது, முகம் பொருந்தவில்லை. அந்தக் குரலைக் கேட்டு அது யார் என்று ஒரு பிள்ளை கேட்கும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அழித்தேன். பழைய ஒலியையே வைத்து, முதுகோடு எடுத்துக்கொண்டு தரம் சாரின் அறைக்குப் போனேன். கால் நடுங்கியது. கதவைத் தட்டுவதற்கு முன் இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய் வந்தேன்.

"குறை இருக்கிறது சார். அது என் குறை. பேட்டரி மாற்றாதவன் நான். பாட்டு அவர்களுடையது. அதில் கை வைக்க மாட்டேன்."

"இது இப்படியே போனால், பொறுப்பாளர் என்று உங்கள் பெயர்தான் போகும்."

"பெயர் எதற்கு சார்? அதுதான் முதுகே போகிறதே."

"போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொன்னது சொன்னதுதான். அடுத்த வாரத்திலிருந்து புதிய முறை" என்றார்.

வெள்ளிக்கிழமை அது அப்படியே போனது. அடுத்த நாள் காலையில் பாக்கியத்திடமிருந்து போன் வந்தது.

"மக கூப்பிட்டுச்சு சார். கொரலு நல்லா இருந்துச்சாம். நடுவுல ஓர் ஆள் விழுந்து கெடக்குறாரே, அது யாருன்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"பேட்டரின்னு சொன்னேன்."

இந்தக் கதையை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். சொல்லும் இடத்துக்கு ஏற்ப என் வீரம் கூடும். தரம் சாரின் மேசையில் குத்தினேன் என்று ஓர் இடத்தில் சொல்லியிருக்கிறேன். ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன் என்று இன்னோர் இடத்தில். இரண்டும் பொய். மலையக ஒலிப்பதிவைக் காப்பாற்றியது நான் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அந்த யாராவதும் நானாகத்தான் இருக்கும். நடந்தது இதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கோயிலுக்குப் புதிய முறையில் படம் எடுக்கப் போனோம். தரம் சாரும் கூட வந்தார். பஜனைக் குழுவில் இருபத்திரண்டு பேர். குழுத் தலைவர் கடைவீதியில் தையற்கடை வைத்திருப்பவர். இன்ன மாதிரி, பாட்டைப் போடுவோம், வாயை அசையுங்கள் என்று அவருக்கு நானே சொன்னேன். இந்தத் தடவை முன்னாடியே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "வெள்ளிக்கிழம பாத்தோம் சார்" என்றார். "அந்த மஸ்கெலியா அக்காவப் பாத்தோம். ஒங்க முதுகையும் பாத்தோம்." போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

சுமித் கமராவை ஓட விட்டார். நான் ஒலிபெருக்கியில் ஸ்டூடியோப் பாட்டைப் போட்டேன். பாட்டு நான்கு நிமிடம் ஓடியது. இருபத்திரண்டு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தரம் சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் அவரே எழுந்து போய் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பிறகு அவர்கள் பாடினார்கள். ஐந்து பாட்டு. ஒவ்வொன்றையும் ஒரே தடவைதான் எடுத்தோம். எல்லா மைக்கிலும் புதுப் பேட்டரி போட்டிருந்தேன்.